அவன நான் பாத்துக்கறேன்

தையல்காரியை மேல் கட்டடத்துக்கு அனுப்பியது அதிகாரிகள் இல்லையாம், நடுவில் உட்கார்ந்து மொழி மாற்றிச் சொன்னவளாம். இரண்டு பேருக்கும் பழைய பகையாம். ஏதோ சம்பந்தம் பேசி முறிந்துபோன கதையாம்.

பேருந்தின் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இதைப் பேசிக்கொண்டு வந்தார்கள். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற மாதிரியான பைகளை மடியில் வைத்திருந்தார்கள். சிறைக்குப் போய்த் திரும்புகிறவர்களிடம்தான் அந்தப் பை இருக்கும்.

"யாரு சொன்னா உனக்கு?"

"எங்க நாத்தனார். அவளுக்கு உள்ள துணி துவைக்கிற எடத்துல இருக்கறவ சொல்லியிருக்கா."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

"அவளுக்குப் பேரே ரெட்டை நாக்காமே. பேரப் பாத்தாவே தெரியல?"

பின் இருக்கையில் இருந்த ரெட்டை நாக்கு சன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பகை என்பது சுத்தப் பொய். தையல்காரியை அவள் அதற்கு முன்னால் பார்த்ததுகூட இல்லை. அந்த ஒரு நேர்காணலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். வாயில் வந்ததைப் பேசுகிறார்களே என்று கோபப்பட நினைத்தாள். ஆனால் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்துகொண்டது. தையல்காரியின் குரல் திரும்பவும் காதில் கேட்டது. நேர்காணலின் கடைசிக் கேள்விக்கு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்ன பதில். ஏன் அப்படித் தாழ்த்தினாள்?

அந்தப் பட்டப்பெயர் பிரியமாக வைத்ததுதான். சிறைக்குள் தமிழ் பேசும் பெண்கள் சிலர் இருந்தார்கள். இவள் முதன்முதலில் போனபோது அவர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இந்தப் பக்கம் திரும்பினா நம்ம பேச்சு, அந்தப் பக்கம் திரும்பினா அவங்க பேச்சு. ரெட்டை நாக்குடி இந்தக்காவுக்கு." அன்று சாயங்காலம் வீட்டில் அதைப் பெருமையாகவே சொன்னாள். கணவன், "ஒத்த நாக்கையே இந்த வீடு தாங்கல" என்றான்.

அவள் படித்தது பாதி தமிழில், பாதி இன்னொரு மொழியில். கல்யாணமாகி இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்தபோது அந்தப் பாதிப் பாதி எதற்கும் உதவாது என்றுதான் நினைத்தாள். அடுத்த வீட்டுக்காரி தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குத் துணைக்குக் கூப்பிட்டாள். பிறகு அவளுடைய அண்ணிக்குப் பிரசவம், மருத்துவமனை. பிறகு யாருடைய வாடகைச் சண்டையோ. இப்படியே ஊரார் வாயாக இருந்து இருந்து, கடைசியில் பயிற்சி எடுத்து, சான்றிதழ் வாங்கி, அரசாங்கத்தின் வாயாகவும் ஆனாள். பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே சொன்னார்: நீங்கள் வெறும் குழாய், ஒரு முனையில் விழுவது மறுமுனையில் வர வேண்டும், நடுவில் உங்கள் வீட்டுத் தண்ணீரைக் கலக்கக் கூடாது. அவளுக்கு அது பிடித்திருந்தது. யாராவது அவளிடம் கருத்துக் கேட்டால் உடனே சொல்வாள்: "நான் வாய் இல்லைங்க, வாய்க்கால்."

சிறை வேலை அவளுக்கு வாரத்தில் சில நாட்கள். புதிதாக வருகிறவர்களை எந்தக் கட்டடத்தில் வைப்பது என்று முடிவு செய்ய ஒரு நேர்காணல் உண்டு. செய்த குற்றம் என்ன, முன்பு தப்பி ஓடியதுண்டா, யாரையாவது மிரட்டியதுண்டா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். புள்ளி குறைந்தால் கீழ்க் கட்டடம்: தையல்கூடம் உண்டு, தொலைபேசி உண்டு, பார்க்க வருகிறவர்களோடு ஒரே மேசையில் உட்காரலாம். புள்ளி கூடினால் மேல் கட்டடம். அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். ஊசி என்ற பேச்சே கிடையாது.

இந்தப் புள்ளிக்கணக்கு சரியா தப்பா என்று ஆராய்வதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து நேர்காணல்களில் மூலையில் உட்காருவார்கள். உள்ளே இருக்கும் பெண்கள் அவர்களையும் சும்மா விடவில்லை. ஆண் ஆராய்ச்சியாளருக்குத் தாடி என்று பேர். அதற்கு விளக்கம் தேவையில்லை. எதைச் சொன்னாலும் எவ்வளவு, எத்தனை என்று கேட்கிற பெண் ஆராய்ச்சியாளருக்குத் தராசு என்று பேர்.

தையல்காரியின் நேர்காணல் அன்றைய கடைசி நேர்காணல். உள்ளே போவதற்கு முன் அதிகாரி வழக்குச் சுருக்கத்தைப் படிக்கக் கொடுத்தார். அக்காளும் தம்பியும் சேர்ந்து நடத்திய தையல் கடை. தம்பி துணி வெட்டுவான், அக்கா தைப்பாள். தம்பி வேறு கடைக்குப் போகிறேன் என்றிருக்கிறான். பேச்சு முற்றி, அக்கா கையிலிருந்த கத்தரிக்கோல் தம்பியின் வலது கையில் இறங்கிவிட்டது. நரம்பு அறுந்து மூன்று விரல் மடங்காது. மருத்துவமனையில் அவன், இயந்திரத்தில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறான். மருத்துவர் நம்பவில்லை. காவல்துறைக்குத் தகவல் போனது மருத்துவமனையிலிருந்துதான். தம்பி கடைசி வரை புகார் கொடுக்கவில்லை.

அவள் ஒல்லியாக, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாக் கேள்விக்கும் ஆமாம், இல்லை. கடைசியில் அதிகாரி கேட்டார்: "வெளிய போனதும் உங்க தம்பி விஷயத்துல என்ன செய்வீங்க?"

தையல்காரி தன் விரல்களைப் பார்த்தாள். குரல் ரொம்பத் தாழ்ந்துபோனது.

"வெளிய போனதும் அவன நான் பாத்துக்கறேன்."

ரெட்டை நாக்கு அந்தப் பக்கம் திரும்பினாள். அவள் அப்போது சொன்னதை மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்தால் இப்படி இருக்கும்: 'வெளியே போனதும் அவனை ஒரு கை பார்க்கிறேன்.'

மூலையில் தராசு பேனாவைத் திறந்தாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். மிரட்டல் என்ற வரிசையில் புள்ளி விழுந்தது. தையல்காரி ஒன்றும் புரியாமல், பதில் சொல்லி முடித்துவிட்ட நிம்மதியில் மூச்சு விட்டாள்.

*

பேருந்தில் கேட்டதற்கு மறுநாள் காலை, பல்கலைக்கழகக் கருத்தரங்குக்கு அவளுக்கு அழைப்பு இருந்தது. நேர்காணல் பதிவுகளை மொழிபெயர்த்தவள் என்ற முறையில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். கிளம்புகிற நேரத்தில் மாமனாரின் உதவியாள் வரமாட்டேன் என்று தகவல் அனுப்பிவிட்டாள். மாமனாருக்கு இடது பக்கம் விழுந்துபோய்க் கொஞ்ச காலமாகக் கட்டிலோடுதான் இருந்தார். உடம்பு விழுந்ததே தவிர வாய் விழவில்லை.

"நான் வேணா வரலன்னு சொல்லிரட்டுமா?" என்று கேட்டபடி அவள் வாசலில் குனிந்து ஒரு காலில் செருப்பை மாட்டினாள்.

"நீ கெளம்பு. அப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றான் கணவன். அப்பாவின் காதில் விழக் கூடாதென்று குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "இவன் பாத்துக்கறானாம். போன தடவ பாத்துக்கிட்டப்போ கட்டிலுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு மணி நேரம் தொங்கினேன். நீ போம்மா. பொழச்சுக் கெடந்தா சாயங்காலம் பாக்கலாம்."

கணவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"இப்ப என்ன சொன்னீங்க?"

"அப்பாவப் பாத்துக்கறேன்னேன். ஏன், நம்பிக்கை இல்லயா?"

அதே வார்த்தை. அதே தாழ்ந்த குரல். அவள் படித்த பள்ளிக்கூடத்தின் வாசலில் பையன்கள் சண்டை போட்டுக்கொள்ளும்போது இதையேதான் சொல்வார்கள்: 'வெளிய வாடா, உன்னப் பாத்துக்கறேன்.' வெளியே என்ற சொல்லும் பார்த்துக்கொள்வது என்ற சொல்லும் அடுத்தடுத்து வந்தால் அவள் காதுக்கு அது பள்ளிக்கூட வாசல்தான். போதாக்குறைக்கு, கத்தரிக்கோலும் நரம்பும் உள்ள சுருக்கத்தை முதலிலேயே படித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தையல்காரி வாயைத் திறக்கும் முன்பே இவள் பதிலைக் கேட்டாகிவிட்டது.

விரல் மடங்காத தம்பி. இனி துணி வெட்ட முடியாதவன். வெளியே போனதும் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். பச்சைக் குழந்தைக்கும் புரிகிற தமிழ்.

வாய்க்காலில் அவள் வீட்டுத் தண்ணீர் கலந்துவிட்டிருந்தது.

*

கருத்தரங்கு அறையில் நீள மேசை, ஒரு வெள்ளைத் திரை, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். தராசு பேச எழுந்ததும் திரையில் ஒரு வாக்கியம் விழுந்தது. அது இவளுடைய வாக்கியம். ஒரு கை பார்க்கிறேன்.

"இந்தம்மாவ நேர்ல பாத்த எல்லாருமே சாதுன்னுதான் சொன்னாங்க" என்றாள் தராசு. "மனுஷங்க கணிப்ப மட்டும் நம்பியிருந்தா கீழ்க் கட்டடத்துல போட்டிருப்போம். அளவுகோல் இருந்ததாலதான் இது பிடிபட்டுச்சு. இன்னொண்ணையும் கவனிங்க. அடிபட்ட தம்பி புகாரே குடுக்கல. அந்த அளவுக்குப் பயம்."

தாடி நாற்காலியில் சாய்ந்தார். "புகார் குடுக்கலன்னா பயம்தானா? எங்க ஆய்வுல கேட்டுப் பாத்தோம். காவல் நிலையத்துக்குப் போகாதவங்கள்ல நெறயப் பேரு சொன்ன காரணம் பயமே இல்ல. 'எங்க வீட்டு விஷயம்', 'நாங்களே பேசிக்கிட்டோம்', 'அவங்க பாவம்'. காவல்துறைக் கணக்குல இருக்கறது நடந்த குற்றத்தோட எண்ணிக்கை இல்லீங்க, காவல் நிலையம் வரைக்கும் நடந்து வந்தவங்களோட எண்ணிக்கை. வராதவன் மௌனத்துக்கு நீங்களா ஒரு அர்த்தம் குடுத்து அதுக்கும் புள்ளி போடறீங்க."

"சரி, புள்ளிய விட்டுட்டு என்ன பண்ணலாம்? உக்காந்து பேசிப் பாக்கலாமா?" தராசுக்கும் கோபம் வந்துவிட்டது. "பேசிப் பாத்தப்போ அதிகாரிங்களுக்கு யாரப் பிடிச்சுதுன்னு எங்கிட்ட கணக்கு இருக்கு. சிரிச்ச மொகம், நம்ம மொழி பேசற வாய், நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி சாயல். மத்தவங்கெல்லாம் மேல் கட்டடம். அளவுகோலுக்குக் கண்ணு கெடயாது. அதான் அதோட நியாயம்."

"கண்ணு கெடயாது, சரி. காது யாரோடது?"

அறையே சிரித்தது. சிரித்தபடி எல்லாத் தலைகளும் ஓரத்து நாற்காலிப் பக்கம் திரும்பின. தராசு நல்ல விதமாகவே கேட்டாள்: "நீங்க சொல்லுங்க. உங்க மொழியில அது கடுமையான மிரட்டல்தானே?"

வாழ்க்கையில் எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக ஒரு கதவு திறந்துவிடாது. உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. ரெட்டை நாக்கு இரண்டு மொழியிலும் வார்த்தை தேடினாள். ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயம். சிறையிலிருந்து ஒரு குறிப்புப் போனால் சான்றிதழ் போகும், வேலை போனால் இந்த ஊரில் இருக்கிற அனுமதியும் ஆட்டம் காணும். மாமனாரின் கட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? இதெல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் தோன்றியது. உண்மையைச் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

"சூழ்நிலையப் பொறுத்தது" என்றாள்.

"எல்லாமே அப்படித்தான்" என்று தாடி கையை விரித்தார்.

"அப்ப மிரட்டலா இருக்கலாம்?" என்றாள் தராசு.

"இருக்கலாம்."

பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. யார் வேண்டுமானாலும் அகராதியைப் புரட்டிச் சரி பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் இரண்டு பேரும் மறுபடி சண்டையில் இறங்கினார்கள். மனசுக்குள் அவள் இரண்டு பக்கமும் தலையாட்டினாள், ஏனென்றால் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயமும் நின்றுகொண்டிருந்த தரைதான் அவள் போட்டது.

இடைவேளையில் முகம் கழுவப் போனாள். கண்ணாடியைப் பார்க்காமலே கழுவினாள். சாயங்காலம் வீட்டில் மாமனார், "என்னம்மா, நான் பொழச்சுட்டேன். நீ ஏன் செத்த மாதிரி இருக்கே?" என்று கேட்டார். கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்துபோய் அப்பாவின் போர்வையைச் சரிசெய்தான். பிறகு, "ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லலாமே" என்றான். "அவ அங்க ஊசியில்லாம ஒக்காந்திருக்கா, நான் இங்க யோசிக்கறதா?" என்று அவள் சொன்னது அவனிடம் இல்லை.

*

மறுநாள், அந்த நேர்காணலில் புள்ளி போட்ட அதிகாரியின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொல்லி முடித்தாள். அதிகாரி அதிகம் பேசாத, உயரமான பெண்மணி.

"இது எப்பத்துலேந்து தெரியும்?"

"நேத்துலேந்து."

"நேத்து காலைலயா, சாயங்காலமா?"

காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில்தான் கருத்தரங்கு இருந்தது. அதிகாரியும் அங்கே இருந்தார், எதிர் வரிசையில். "காலைல" என்றாள்.

அதிகாரி அதற்குமேல் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால் தேவலை என்று இவளுக்கு இருந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் ஏதோ பழைய பகைன்னு ஒரு பேச்சு இருக்கே. என் காது வரைக்கும் வந்துச்சு."

"பகை இருந்திருந்தா கவனமாக் கேட்டிருப்பேன்."

அதிகாரி இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "மறுபடி நேர்காணல் வெக்கறேன். வேற ஊர்லேந்து ஒருத்தர் தொலைபேசில மொழிபெயர்ப்பார். நீங்க உள்ள வரக் கூடாது. உங்க ஒப்பந்தத்தப் பத்தி மேல கேக்கணும், அது என் கையில இல்ல." பிறகு மேசை இழுப்பறையை மூடிக்கொண்டே சொன்னார்: "இன்னொண்ணும் இருக்கு. யாரையாவது மிரட்டினதாப் பதிவானா, மிரட்டப்பட்டவருக்குத் தகவல் அனுப்பியாகணும். அது விதி. தம்பிக்கு அன்னிக்கே போயிருச்சு. அதுக்கு முன்னாடி வாராவாரம் வந்துட்டிருந்தாராம். அப்புறம் வரவே இல்ல."

அந்தத் தகவலின் தமிழ் வாசகம் அவளுக்கு மனப்பாடம். சில வருடங்களுக்கு முன் பொதுவான மாதிரியாக அதை மொழிபெயர்த்துக் கொடுத்ததே அவள்தான். 'தங்களுக்குத் தீங்கு விளைவிக்கும் எண்ணத்தைத் தெரிவித்துள்ளார்.' எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று அப்போது பாராட்டு வேறு கிடைத்தது. வெட்டியவளைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தவன், மருத்துவமனையில் அவளுக்காகப் பொய் சொன்னவன், அதைப் படித்திருக்கிறான்.

மறு நேர்காணலின்போது அவள் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவுக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல், நிதானமான நல்ல தமிழில், திரும்பத் திரும்பக் கேட்டது: "பாத்துக்கறேன்னா எப்பிடிம்மா? கொஞ்சம் வெளக்கமாச் சொல்லுங்க." இந்த ஒரு கேள்வியை அன்றைக்குக் கேட்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? தையல்காரி பதில் சொல்வது கேட்டது. சோறு ஊட்டுவது, சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது, அவனுக்குக் கல்யாணம் ஆகிறவரைக்கும், ஆன பிறகும் வருகிறவள் சம்மதித்தால்.

வெளியே வந்தபோது தையல்காரி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். காவலர் ஒரு நிமிடம் நிற்க விட்டார்.

"அக்கா, என்னால உங்களுக்குக் கெட்ட பேராமே. துணி துவைக்கிற எடத்துல என்னென்னமோ பேசறாளுங்க. எதையும் மனசுல வெச்சுக்காதீங்க."

"தப்பு என்னோடதும்மா. நீங்க சொன்னத நான் மாத்திட்டேன்."

"நீங்க படிச்சவங்க, சரியாத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் பேசத் தெரியாது. அன்னிக்கும் அவங்கிட்ட ஒழுங்காப் பேசத் தெரிஞ்சிருந்தா கைல இருந்ததக் கீழ வெச்சுட்டுப் பேசியிருப்பேன்."

திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். அவளோ மன்னிப்பும் கொடுக்கவில்லை, மன்னிக்க ஏதும் இருப்பதாகவே நினைக்கவில்லை. அது ரெட்டை நாக்கின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றியது.

"தம்பிக்கு என்னமோ தகவல் அனுப்பிட்டாங்கன்னு இப்ப உள்ள சொன்னாங்க. அவங்கிட்ட மட்டும் நான் சொன்னதச் சொல்லிருங்கக்கா" என்றாள் தையல்காரி, போகும்போது. "கட்டடம் எதுவா இருந்தா என்ன. அவன் என்னப் பாத்துப் பயப்படறான்னு நெனச்சாத்தான் தூக்கம் வரல."

புள்ளி திருத்தப்படும், கீழ்க் கட்டடத்துக்கு மாற்றக் கொஞ்ச காலம் ஆகும் என்றார் அதிகாரி. தம்பிக்குப் போன தகவலை ரத்து செய்வது வேறொரு அலுவலகத்தின் வேலை. அவர்கள் அனுப்பும் மறுதகவலில், 'அபாய நிலை மறுமதிப்பீடு செய்யப்பட்டது' என்று இருக்கும். அந்தத் தமிழும் இவளுடையதுதான். அதைப் படித்தவன் இன்னும் இரண்டு பூட்டு வாங்கிப் போடுவான்.

"நான் பேசலாமா?" என்று கேட்டாள். "தொலைபேசியில. நீங்க பக்கத்துல இருங்க. அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லிட்டு வெச்சுடறேன். ஒரு வார்த்தை கூடவோ கொறயவோ இருக்காது."

அதிகாரி விதிப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. மேசைத் தொலைபேசியை அவள் பக்கம் திருப்பி, ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். விளக்கம் எதுவும் வேண்டாம். அக்காள் பேச்சு தம்பிக்குத் தெரியும். 'வெளிய போனதும் அவன நான் பாத்துக்கறேன்.' குரலைத் தாழ்த்தி, கணவன் சொன்ன மாதிரி, தையல்காரி சொன்ன மாதிரி. இந்த ஒரு வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை. நடுவில் அவள் புகாமல் இருந்திருந்தால் அது எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும்.

எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியது.

அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: எங்கோ ஓர் அறையில், விரல் மடங்காத கையின் பக்கத்தில், அவன் தொலைபேசியின் திரையில் இந்நேரம் மின்னிக்கொண்டிருப்பது சிறையின் எண்.

"எடுப்பாரா?" என்று கேட்டார் அதிகாரி.

சூழ்நிலையைப் பொறுத்தது என்று சொல்ல வாய் வந்தது. மூடிக்கொண்டாள். ஒலிபெருக்கியில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.